டூல்ரூம் பாக்கியசாமி வீட்டு வைஃபை

சௌரிபாளையத்தில் பாக்கியசாமி வீடு எது என்று கேட்டால் எந்தப் பாக்கியசாமி என்று திருப்பிக் கேட்பார்கள். டூல்ரூம் பாக்கியசாமி என்றால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் டூல்ரூம் பார்த்த மனிதர். யாருக்கு ஸ்பேனர் வேண்டுமானாலும் தன் பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வாங்கிப் போக வேண்டும். மேனேஜர் வந்து நின்றபோதும் டோக்கன் எங்கே என்று கேட்டவர். ஓய்வு பெற்ற அன்று சாமான்களைச் சரிபார்த்ததில் ஒரு திருப்புளிகூடக் குறையவில்லை. ஒன்று கூடுதலாக இருந்தது. அது யாருடையது என்று தெரியாமல் மாலை போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்து, விழாவையே முக்கால் மணி நேரம் தாமதப்படுத்தினார்.

மில்லை விட்டாரே தவிர டூல்ரூமை விடவில்லை. வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை. கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்கேனர், ரவுட்டர் எல்லாம் அங்கேதான். கம்ப்யூட்டரை யாரும் நகர்த்திவிடக் கூடாதென்று மேஜையோடு போல்ட் போட்டு முறுக்கி வைத்திருந்தார். யார் நகர்த்தப் போகிறார்கள் என்று கேட்கக் கூடாது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

இன்னொருவர் அவர் மனைவி கிருபாவதி. கீழே முன்னறையில் ஆரி வேலை செய்கிறாள். கல்யாண ஜாக்கெட்டுகளில் ஜரிகையும் மணியும் வைத்து மயிலும் மாங்காயும் கொண்டுவருகிற கை. இருபது வருஷமாக பட்டர் பேப்பரில் வரைந்து குவித்த டிசைன்கள் அறுநூற்று நாற்பது. அத்தனையையும் பாக்கியசாமிதான் பொறுமையாக ஸ்கேன் செய்து, நம்பர் போட்டு, மாடிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கீழே கிருபாவதியின் லேப்டாப்பில் இருந்தே அந்த ஃபோல்டரைத் திறக்கும்படி வழியும் செய்து கொடுத்தார். லேப்டாப்பிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் மறுத்துவிட்டார். ஒரு சாமான் ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது டூல்ரூம் சட்டம்.

ஆடி முழுக்கக் கல்யாணம் இல்லை. கிருபாவதி அந்த ஃபோல்டரைத் திறக்கவும் இல்லை. ஆவணி பிறந்த முதல் வாரம் ஒருநாள் விடிகாலையில் உடுமலைப்பேட்டையிலிருந்து பூஜிதா என்ற பெண் போன் செய்தாள். கல்யாணப் பெண் அவள்தான். அவளுக்கும், அக்கா தங்கைகளுக்கும், அம்மா, சித்திகளுக்கும் சேர்த்து ஜாக்கெட் தைக்க வேண்டும். ஏழு பேர் அன்றைக்கே பதினோரு மணிக்கு வேனில் வருகிறார்கள்.

"டிசைனெல்லாம் பாத்துட்டுச் சொல்றோமுங்க ஆன்ட்டி. புடிக்கலீன்னா அப்படியே காந்திபுரம் கடைகளுக்குப் போயிருவமுங்க, கோவிச்சுக்காதீங்க" என்றாள். கடைசியில் கோவிச்சுக்காதீங்க என்று சேர்த்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எதையும் சொல்லிவிடலாம்.

இந்த வேலை கிடைத்தால் கிருபாவதியும் அவளிடம் தைக்கிற இரண்டு பெண்களும் தை வரைக்கும் கவலையில்லாமல் இருக்கலாம். மெஷின் எம்பிராய்டரி கடைகள் வந்ததிலிருந்து அவளுக்கு இப்படிப்பட்ட வேலை வருவது குறைந்துபோயிருந்தது. அதனால் ஒன்பது மணிக்கே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். இணையம் வந்தது. திருப்பலிப் பாட்டுக்கூடப் பாடியது. டிசைன் ஃபோல்டரைத் தட்டினால் மட்டும், அப்படி ஒரு கம்ப்யூட்டரையே காணோம் என்றது.

"ஏனுங்க, ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குதுங்க."

"இரு, வாரேன்" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் சந்தோஷம் இருந்ததை மறைக்க முடியாது. ரிப்பேர் என்ற சொல்லைக் கேட்டு மூன்று மாதமாகியிருந்தது.

முதலில் இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டார். ரவுட்டரையும் அணைத்துப் போட்டார். ஃபயர்வாலைத் தளர்த்தினார். ஃபோல்டரை எல்லோரும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார். அவர் வாழ்க்கையில் எல்லோருக்கும் என்று அனுமதி கொடுத்தது அதுதான் முதல் தடவை. வொர்க்குரூப் பெயர் இரண்டிலும் ஒன்றா என்று பார்த்தார். ஒன்றுதான். லேப்டாப்பிலிருந்து மாடிக் கம்ப்யூட்டருக்குப் பிங் அடித்துப் பார்த்தார். பதிலே இல்லை. ஒவ்வொன்றுக்கும் மாடிப்படி ஏறி இறங்கியதில் பனியன் நனைந்துவிட்டது.

"ஒரு பென் டிரைவுல போட்டுக் குடுங்களே" என்றாள் கிருபாவதி.

அது இரண்டு கம்ப்யூட்டரிலும் நடக்காத காரியம். போன வருஷம் அவள் பென் டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் வைரஸோடு திரும்பி வந்தாள். அன்றைக்கே யுஎஸ்பி துளைகளுக்கெல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிச் சீல் வைத்துவிட்டார்.

"டேப்பைப் பிச்சுப்போட்டா ஆச்சுங்களே."

"பென் டிரைவெல்லாம் நெட்வொர்க் தெரியாதவன் செய்யற வேலை."

"வாட்ஸ்அப்புல?"

"அதுல அனுப்புனா படம் மங்கிப்போயிரும். நூலு எது, மணி எதுன்னே தெரியாது."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டரையே கீழ தூக்கிட்டு வாங்க."

பாக்கியசாமி தன் போல்ட்டுகளை நினைத்துக்கொண்டார். அவர் முறுக்கியதை அவரே கழற்றினாலும் அரை நாள் ஆகும். மணி பத்தரை. கிருபாவதி பழைய பட்டர் பேப்பர்க் கட்டைப் பிரித்தாள். பாதி தாள்கள் பழுத்து மடிப்போடு ஒடிந்தன. அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. இது ரிப்பேர் விளையாட்டு இல்லை, இவள் பிழைப்பு என்று உறைத்தது.

மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார். ஒரே வீட்டுக் கருவிகளுக்கு நெட்வொர்க் எண் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். மாடிக் கம்ப்யூட்டர் ஒரு வரிசை, லேப்டாப் வேறு வரிசை. இதெப்படி என்று வைஃபை பெயரைப் பார்த்தார். 'டூல்ரூம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கெஸ்ட்' என்று இருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆடியில் அவர்கள் வீட்டில் அன்பியக் கூட்டம் நடந்தது. தெருவிலுள்ள பங்கு மக்கள் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செய்கிற ஜெபம். வந்த பதினெட்டுப் பேருக்கும் கிருபாவதி சுண்டலோடு சேர்த்து வைஃபை பாஸ்வேர்டையும் கொடுத்தாள். கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல அவளுக்கு வராது. அன்பியச் செயலாளர் ஜெரோம் அதை அன்பிய வாட்ஸ்அப் குழுவில் நன்றியோடு பதிவும் போட்டுவிட்டார். மறுநாள் சாயங்காலம் அதே ஜெரோம் காம்பவுண்டு ஓரம் வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் படம் இறக்கிக்கொண்டிருந்தார். பாக்கியசாமி அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, வருகிறவர்களுக்கென்று தனியாகக் 'கெஸ்ட்' என்றொரு நெட்வொர்க் போட்டார். கெஸ்டில் இருப்பவருக்கு இணையம் வரும். வீட்டுக் கருவி எதுவும் கண்ணில் படாது. பாஸ்வேர்டு தெரிந்தால் கொடுத்துவிடுவாளே என்று, கையோடு கிருபாவதியின் லேப்டாப்பையும் கெஸ்டில் சேர்த்துவிட்டு மறந்துபோனார். அவளிடம் சொல்லவும் இல்லை.

இப்போதும் சொல்ல வேண்டியதில்லை. சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, கோளாறு தீர்ந்தது என்று சொன்னால் நல்ல பேர்கூடக் கிடைக்கும்.

"கிருபா, நீ போய்க் காப்பிக்குப் பாலு வெய்யி. வர்ற நேரமாச்சு" என்றார்.

அவள் சமையலறைக்குப் போனதும் மாடிக்கு ஓடி நோட்டை எடுத்துவந்தார். பாஸ்வேர்டு இருபத்திரண்டு எழுத்து. அவருக்கே மனப்பாடம் இல்லை. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தபோது, "ஏழு பேருக்கும் சக்கரை போட்டர்லாமுங்களா?" என்று கேட்டபடி கிருபாவதி பின்னால் வந்து நின்றாள்.

நோட்டை மூட அவருக்கு நேரமில்லை. டூல்ரூம்காரர் கையெழுத்து தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரியும். இடப்பக்கம் 'உள் ஆள்' என்று தலைப்பு. அதன் கீழே அவர் கம்ப்யூட்டர், அவர் போன், பிரிண்டர், போனிலிருந்தே ஓடவிடுகிற தண்ணீர் மோட்டார். வலப்பக்கம் 'வெளி ஆள்'. ஜெரோம், கேபிள்காரர், கேஸ்காரர், பால்காரர் சுப்பண்ணன், கிருபாவதி லேப்டாப்.

அவள் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

"மோட்டாருகூட உள் ஆளுங்களா?" என்றாள்.

பாக்கியசாமிக்குக் காது சுட்டது.

"எல்லாத்துக்கும் குடுத்துப்போடுவேன்னு பயந்தீங்களாக்கும்."

"ஆமா."

"குடுக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டனேங்க. என்னையக் கேக்காமயே என்னைய வெளிய நிறுத்திப்போட்டீங்க."

இதை அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"தப்புத்தான் கிருபா. யோசிக்காம செஞ்சுபோட்டேன்."

தப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை மில்லில் யாரும் கேட்டதில்லை. கிருபாவதி நாற்காலியை இழுத்துப்போட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, ஜம்மென்று உட்கார்ந்தாள்.

"செரி, விடுங்க. நம்மூட்டுக்கு வந்த கெஸ்டுக்கு மொதல்ல காப்பி குடுக்கோணுமில்லீங்க? அடுப்புல பாலு இருக்குது. போய்ப் போட்டுட்டு வாங்க."

மிச்ச எழுத்துகளை அடித்து முடித்துவிட்டு அவர் எழுந்து போனார். சமையலறையில் காப்பித்தூள் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து, "தொறந்திருச்சுங்க!" என்று சத்தம் வந்தது. பாக்கியசாமி அடுப்பு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது.

உடுமலைக்காரர்கள் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மயில் பார்த்தார்கள், யானை பார்த்தார்கள், இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் தாமரைக்கொடியைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பூஜிதாவின் அம்மா, "காந்திபுரம் போக வேண்டாமுங்க, அளவு எடுத்துக்குங்க" என்று சொன்னபோது பாக்கியசாமி தட்டில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தார். முதல் டம்ளரைக் கிருபாவதிக்குத்தான் நீட்டினார். அதில் சர்க்கரை இல்லை. அவள் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைத் தட்டில் வைத்தாள்.

பூஜிதாவின் தங்கைக்குத் தாமரைக்கொடியை மாப்பிள்ளைக்கு உடனே அனுப்ப வேண்டியிருந்தது. "இங்க டவரே இல்லீங்க ஆன்ட்டி, வைஃபை இருக்குதுங்களா?" என்றாள்.

கிருபாவதி கணவனைப் பார்த்தாள்.

பாக்கியசாமி தட்டைக் கீழே வைத்தார். முப்பத்தொரு வருஷம் டோக்கன் இல்லாமல் எதையும் கொடுக்காத மனிதர், "டூல்ரூம்னு ஒண்ணு இருக்கும் பாரு கண்ணு, அதைத் தொடு. பாஸ்வேர்டு சொல்றேன்" என்று நோட்டைப் பிரித்தார்.

"ஏனுங்க" என்று கிருபாவதி தடுத்தாள். "அவிகளுக்குக் கெஸ்ட் போதுமுங்க. டூல்ரூமு ஊட்டு ஆளுகளுக்கு."

அவர் நோட்டை மூடினார். கெஸ்ட் பாஸ்வேர்டை அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பாதியில் நோட்டைப் பிரித்துக் கிருபாவதி கையில் கொடுத்துவிட்டார், மீதியை அவள்தான் படித்துச் சொன்னாள்.