டீ என்று சொன்னால்தான் டீ

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு காலத்தில் வாய் ஓயாது. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், மேலேயிருந்து கதையளந்தே அவர்கள் பயத்தைப் போக்கிவிடுவார். "உங்க வாயை வாடகைக்கு விட்டிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருக்கலாம்" என்பாள் மனைவி.

பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆயிற்று. கை கால் கொஞ்சம் தேறின, பேச்சுதான் வரவில்லை. எப்போதாவது, யாரும் கேட்காதபோது, ஜன்னல் பக்கம் பார்த்து "காத்து" என்பார். அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் வழி சொன்னாள். "எல்லாத்தையும் கையில கொண்டுவந்து கொடுத்தா அவர் எதுக்குக்கா பேசணும்? டீன்னு சொன்னா டீ கொடுங்க. மனசைக் கல்லாக்கிக்குங்க."

கல்லாக்கிக்கொண்டாள். டம்ளரை எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க, ஒரே எழுத்துதானே" என்று கெஞ்சினாள். அவர் நெற்றி வியர்த்தது. உதடு துடித்தது. டீயில் ஆடை படிந்தது, ஆறியது, கடைசியில் தொட்டிக்குப் போனது. இருபத்தாறு வருஷத்தில் அவருக்குப் போட்ட டீயை அவள் கொட்டியது அன்றுதான்.

டீக்கு வராத பேச்சு பேப்பருக்கு வருமோ என்று பேப்பரைப் பிடித்து வைத்தாள். பிறகு டிவி ரிமோட்டை. அவரா சோம்பேறி? கொடுக்க மாட்டேன் என்றா வார்த்தையைப் பூட்டி வைத்திருந்தார்? பாவி மனுஷி, அவளுக்கு அது உறைக்க ஒரு மாதம் ஆனது. அதற்குள் அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டாலே அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பழகியிருந்தார். "காத்து"கூட நின்றுபோயிருந்தது.

ஒரு காலையில் அவளால் தாங்க முடியவில்லை. சூடான டம்ளரை அவர் கையிலேயே வைத்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லைங்க. சும்மா குடிங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெல்லத் தள்ளி வைத்தார்.

"வேணாம்."

பிசிறில்லாத பழைய குரல். அவள் அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் வந்த பயிற்சிப் பெண்ணிடமும் "வேணாம்" என்றார். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்கக்கா, எவ்வளவு தெளிவா வருது. டீயைப் பிடிச்சு வெச்சதுக்குப் பலன். இதையே விடாம பண்ணுங்க" என்று நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

மனைவி தலையாட்டினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.