நேராக ஒட்டிய நான்கு ஸ்டிக்கர்கள்

கோம்பையில் பேச்சியம்மாள் வீட்டு மாடியில் இருக்கும் நான்கு சோலார் பேனல்களும் வெளிநாட்டில் செய்தவை. அவற்றின் முதுகில் உள்நாட்டு ஸ்டிக்கரை ஒட்டியவன் நான்!

உள்நாட்டில் செய்த பேனலுக்கு மட்டுமே அரசு மானியம். எந்த நாட்டிலிருந்து கப்பல் வராமல் நின்றாலும் நம் வீட்டு விளக்கு அணையக் கூடாது என்பதற்கான விதி. பேனல் பொருத்தும் கடையின் மேற்பார்வையாளனான நானே அதை எத்தனை வீடுகளில் விளக்கியிருக்கிறேன்!

பேச்சியம்மாளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் மகள் காளீஸ்வரி பேனல் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறாள்.

"எம் மக கம்பெனி பேனலுதான் வேணும்ணே. வேற எதையாச்சும் மாட்டுனீக, கழட்டித் திராட்சைக்குப் பந்தல் போட்ருவேன்!"

அந்தப் பேனல்களே வந்தன. லாரியிலிருந்து இறக்கும்போது நான்கும் விரிசல் விட்டன. கயிற்றைச் சரிபார்க்க வேண்டியவன் நான். மாற்றுப் பேனல் வர மாதங்கள் ஆகும். குடோனில் அதே அளவில் பழைய இறக்குமதிச் சரக்கு கிடந்தது...

உடைந்தவற்றின் ஸ்டிக்கர்களைச் சூடு காட்டி உரித்தேன். அளவுகோல் வைத்து ஒட்டினேன். மானியத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மானியமும் வந்தது. அன்றைய நாட்குறிப்பில், "நல்ல வெயில். கோம்பையில் நான்கு பேனல்." அவ்வளவே.

பிறகு ஓர் ஆர்வம் பிடித்துக்கொண்டது. வித்தியாசம் தெரியுமா? மாதந்தோறும் அங்கே மீட்டரைப் பார்த்து, பக்கத்துத் தெருவின் உள்நாட்டுப் பேனல்களோடு ஒப்பிட்டேன். ஒன்றுமில்லை! வெயிலுக்கே தெரியாத பொய் வேறு யாருக்குத் தெரியும், சொல்லுங்கள்?

விடுப்பில் வந்த காளீஸ்வரி, நான் மீட்டர் பார்க்கப் போன அன்று மாடியேறினாள். குனிந்து பேனலின் முதுகைப் பார்த்தாள். வெகுநேரம்...

"ஆலையில ஸ்டிக்கர் ஒட்டுறது எங்க வரிசை வேலதான் மாமா. நான் இம்புட்டு நேரா ஒட்டுனதே இல்ல. சூப்பர்வைசர் தினமும் வைவாக."

கீழிருந்து பேச்சியம்மாள் கத்தினார். "என்னடி, ஒன் கை பட்டதுதான?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாத்தா! நான் ஒட்டுனதுதான்!"

ஏன் சொன்னாள்? தாயின் பெருமைக்காகவா? மானியத்தைத் திரும்பக் கேட்பார்கள் என்ற பயமா? அல்லது... அவளுக்கு எதுவுமே புரியவில்லையா? அறியத் துடிக்கிறேன். ஆனால் கேட்பதற்கு முன் நான் சொல்லியாக வேண்டுமே!

இந்த மாதமும் போனேன். பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எம் மக கை பட்டதுண்ணே."

நான் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.