மூட்டத்தின் மேல் உட்கார்ந்தவன்

நாற்பத்திரண்டு வயதில் செங்கல்பட்டு டாக்டர் ஒருவர் எனக்கு ஏடிஹெச்டி என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காதாம், நின்றுவிட்டால் அங்கிருந்து நகராதாம், பிறவியிலேயே வந்ததாம். அதுவரை என் மனைவி அதைத் திமிர் என்றே சொல்லிவந்தாள். மாத்திரை ஆரம்பித்த பிறகு பாவம், என்னை நம்பத் தொடங்கினாள்.

போன சம்பாப் பட்டத்தில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மூன்று நாள் அவள் திருமுக்கூடலில் அம்மாவோடு இருக்கவேண்டும். கிளம்புமுன் விதைநெல்லை ஊறவைத்து, வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி மூட்டம் போட்டாள். மறுநாள் முளை எட்டிப் பார்க்கும்போதே நாற்றங்காலில் தெளித்துவிட வேண்டும். விட்டால் வேரோடு வேர் பின்னிக்கொள்ளும். வேளாண் டிப்போவில் விதை தீர்ந்துபோயிருந்தது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மூட்டைதான்.

மாத்திரை அட்டையைச் சாக்கின் கழுத்திலேயே கட்டினாள். “ஒண்ணப் பாத்தா இன்னொண்ணு ஞாபகம் வரும். நாளைக்குக் காலைல தெளிச்சிடு, இன்னா?”

தலையாட்டினேன். தலையாட்டுவதில் மட்டும் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

காலையில் பக்கத்து நிலத்துக்காரர் மருந்தடிக்கும் ஸ்பிரேயரோடு வந்தார். “இத்த கொஞ்சம் பாரு நைனா. நீ உக்காந்தா முடிக்காம எய்ந்திருக்க மாட்ட.”

உண்மைதான். பம்பைப் பிரித்தேன், வால்வைப் பிரித்தேன், அவர் சொல்லாத கோளாறு இரண்டையும் கண்டுபிடித்தேன். அன்றும் மறுநாளும் சோறுகூட நினைவில்லை. உட்கார வாகாக ஒரு வைக்கோல் மேடு இருந்தது. அடியில் இதமான சூடு வேறு.

மூன்றாம் நாள் மனைவி வந்து நின்றாள். “எய்ந்திரு” என்றாள்.

நான் உட்கார்ந்திருந்த வைக்கோலை விலக்கிச் சாக்கைப் பிரித்தாள். வெள்ளை வேர் பின்னி, நெல் மொத்தமும் ஒரே கட்டியாக நின்றது. மாத்திரை அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

“ஸ்பிரேயர் ஓடுதா?”

“நல்லா ஓடுது.”

சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தொட்டித் தண்ணீரில் போட்டு இருவரும் இருட்டும்வரை பிரித்தோம். பாதிதான் தேறியது. ஊரே பச்சையாக இருக்க, எங்கள் நிலத்தில் பாதி கரம்பாகக் கிடந்தது. அவள் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்தப் பட்டத்திலும் மூட்டம் போட்ட அன்றே அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பவேண்டி வந்தது. அங்கேயே தெளித்து நாற்றாகக் கொண்டுவருவதாகச் சொல்லி, விதை மூட்டையையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள். அதன் கழுத்திலிருந்த மாத்திரை அட்டையை அவிழ்த்து என் சட்டைப் பையில் வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. அவள் செய்தது சரிதான்.