வாயிற்கதவுக் கீல் என்று சொன்னேன்

எங்கள் பழைய பந்தயப் பாய்மரப் படகின் சுக்கானைத் தாங்கும் கீல் முறிந்துவிட்டது. அவ்வகை உதிரிபாகம் இன்று எங்கும் கிடைப்பதில்லை. எனவே, அம்பத்தூர் லேத் பட்டறைக்காரரிடம் அதே அளவில் செய்யக் கொடுத்தேன்.

"இன்னாத்துக்கு சார் இது?" என்றார்.

கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் படகென்றால் நகைப்பாரென்று கூசி, "வீட்டு கேட்டுக்கு" என்றேன். சாதாரண இரும்பில் செய்து தந்தார்.

ஓராண்டுக்குள், தம்பி தனியே கடலில் சென்றபோது, துருவேறிய கீல் ஒடிந்து படகு கவிழ்ந்தது. மீனவர்கள் அவனைக் காப்பாற்றினர்.

"எந்த லேத்துக்காரன்ணா இத செஞ்சவன்?" என்று தம்பி சீறினான். மறுநாள் தம்பியிடமும் பட்டறைக்காரரிடமும் உண்மையைச் சொன்னேன்.

"கடலுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, துருப் புடிக்காத ஸ்டீல்ல போட்டிருப்பேனே சார்!" என்றார் பட்டறைக்காரர்.

இப்போதெல்லாம் எந்தப் பட்டறையிலும் படகின் புகைப்படத்தைக் காட்டிய பிறகே அளவைச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.