நடுங்கும் கையோடு திருத்தணிக்கு

இந்தப் பயணம் கோயிலுக்காகத் தொடங்கியதல்ல. பொதட்டூர்பேட்டையில் ஒரு மகளிர் சுய உதவிக் குழு நான்கு பெண்களைப் பாராட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம் விழா வைத்திருந்தது. ஒரு ஊராட்சித் தலைவி, ஒரு கபடிப் பயிற்சியாளர், மின்சார ரயில் ஓட்டும் ஒரு பெண், நான்காவதாக என் பள்ளித் தோழி சங்கரி. குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்பவள். "துணைக்கு வாடி" என்று அவள் கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. யாரையும் துணைக்குக் கூப்பிடுகிற ஆள் இல்லை அவள்.

காரணம் ரயிலில் தெரிந்தது. சென்ட்ரலில் காலை ஆறரை மணி வாக்கில் புறநகர் ரயில் பிடித்தோம். டிக்கெட் இருபது ரூபாய், இரண்டரை மணி நேரம். அரக்கோணம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று வலது கையை என் முன் நீட்டினாள். விரல்கள் நடுங்கின.

ஒரு மாதமாக இப்படித்தானாம், கத்தியையே தொடுவதில்லையாம். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் பவானியின் மூன்று வயதுப் பெண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. செய்யப்போவது சங்கரி பழக்கிவிட்ட டாக்டர் ஷாஹிதா. பவானிக்கு அது தெரியாது. சங்கரியின் கை பட்டால்தான் ஒத்துக்கொள்வேன் என்று ஏற்கெனவே ஒருமுறை குழந்தையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவள். இந்த முறையும் போய்விட்டால் குழந்தை தாங்காது.

"போன்ல சொல்ற விஷயமாடி இது? விழாவுக்கு வருவா. நேர்ல சொல்லணும்" என்றாள். கவலைப்பட ஒரு காரணம் கிடைத்தால் கூடை நிறைய அள்ளிக்கொள்கிற பிறவி நான். சோளிங்கர் பக்கத்து மலைகள் தெரிந்ததுகூட மனதில் ஒட்டவில்லை.

திருத்தணியில் இறங்கியபோது விழாவுக்கு நேரம் இருந்ததால் முருகன் மலைக்குப் போனோம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் பாதியில் நிறுத்திவிட்டார். "வண்டிங்க வந்துகினே இருக்குது, மேல எடமே இல்லம்மா. எறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாம்" என்றார். நடந்தோம்.

தரிசனம் முடிந்து நான் பிரசாத வரிசையில் நின்று திரும்பினால் சங்கரியைக் காணோம். போன் எடுக்கவில்லை. சென்னைக்கே திரும்பிவிட்டாளா, எங்காவது மயங்கி விழுந்தாளா என்று அரை மணி நேரம் அலைந்தேன். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். மொட்டைத் தலை, அதில் சந்தனம். அடையாளம் தெரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"உனக்குச் சாமியே கிடையாதேடி!"

"இருக்கான்னு இப்பவும் தெரியல. மொட்டை போடுற அண்ணன் கத்தி பிடிச்சிருந்தார், கை துளி நடுங்கல. என்னவோ போய் உட்கார்ந்துட்டேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது.

பொதட்டூர்பேட்டை அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மண்டப வாசல் பேனரில் சங்கரி நீளப் பின்னலோடு சிரித்தாள். அதன் கீழேயே நின்ற பெண், "அன்னதானம் அடுத்த தெருவுலங்க" என்று எங்களை வழியனுப்பப் பார்த்தார். சிரித்திருப்பேன், அதற்குள் பவானி வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை, அதன் கையில் பாதி பிஸ்கட். சங்கரியின் தலையைப் பார்த்ததும் பவானியின் முகம் வெளுத்துப்போனது.

இந்தப் பக்கத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டில் ஒருவர் முடி காணிக்கை வேண்டிக்கொள்வார். டாக்டரே மொட்டை போட்டு வந்தால் என்ன நினைப்பாள்?

"டாக்டரம்மா, நீங்களே சாமிகிட்ட போயிட்டீங்கன்னா... எம்பொண்ணு பொழைக்க மாட்டாளா?"

சங்கரி கையை நீட்டினாள். "பாப்பாவுக்காக இல்ல பவானி. இந்தக் கைக்காக." எதையும் மறைக்காமல் அத்தனையும் சொன்னாள். பவானி பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் கிளம்பவில்லை. அந்தக் கையைப் பிடித்தாள். "அந்த இன்னொரு டாக்டருக்கு யாருங்க கத்துக்குடுத்தது?"

"நான்தான். ஆறு வருஷமா."

"நீங்க உள்ள இருப்பீங்களா?"

"பக்கத்துலயே நிப்பேன்."

"ஆங். கை நடுங்குதுன்னு எங்கிட்ட சொல்லாமலே வேற ஆள வெச்சி செஞ்சிருக்கலாம். எனக்கின்னா தெரியப்போவுது? மொட்ட போட்டுகினு வந்து சொல்லிகினு நிக்கிறீங்க. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரில சேக்க இட்டுகினு வரேன்."

விழாவில் ரயில் ஓட்டுநர் பணி முடித்துச் சீருடையோடே வந்திருந்தார். ஊராட்சித் தலைவி, பழக்கதோஷத்தில் மேடை ஏறிய தன் கணவரைக் கீழே போய் உட்காரச் சொன்னார். பலத்த கைதட்டல். கபடிப் பயிற்சியாளர் பேசவே கூச்சப்பட்டார், அவருடைய பிள்ளைகள்தான் கத்தினார்கள். சங்கரி மைக்கில் தன் கையைப் பற்றியே பேசினாள். போர்த்திய சால்வையை மடித்து, இது ஷாஹிதாவுக்கு என்றாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிறும் கிருத்திகையும் கூட்டம் நெரியும், முடிந்தால் வார நாளில் போங்கள். முடி காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. பொதட்டூர்பேட்டை போக பஸ் ஸ்டாண்டிலேயே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்றை விட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். உடன் வருபவரின் கையை மலையில் விட்டுவிடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மாலையில் சங்கரியிடமிருந்து செய்தி வந்தது: "பாப்பா கண் திறந்துட்டா. நான் அஞ்சு மணி நேரம் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன். இதுவரைக்கும் நான் பண்ணதுலயே கஷ்டமான ஆபரேஷன் இதுதான்டி."