துடைத்த கோடு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாவது ஃபெயிலானவன் ஓவியத்தைப் பற்றி எழுதினால் ஊரில் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஒரு ஓவியத்தால்தான் என் வேலையே போகப் பார்த்தது.

ஷார்ஜாவில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவன் நான். எங்கள் ஊரில் பொங்கலுக்குத்தான் வெள்ளையடிப்போம். இங்கே படம் மாட்டவென்றே ஒரு ஹால் கட்டி, ஒவ்வொரு கண்காட்சிக்கும் சுவரைப் புதிதாக வெள்ளையடிக்கிறார்கள். அன்று சாயங்காலம் திறப்பு. ஈராக்கிலிருந்து வந்த ஒரு அம்மா அன்று காலைதான் வரைந்து முடித்த ஆளுயரப் படம் மாட்டியிருந்தது. துரு நிறத்தில் கட்டங்கள், மேலே ஒரே கறுப்பு. முகம், மரம், மாடு எதுவும் கிடையாது. ஃபேக்டரி, யுத்தம் எல்லாம் இதற்குள் இருக்கிறது என்று ஹால் மேனேஜர் ஹிந்தியில் விளக்கினார்.

"ஃபேக்டரிக்கு கேட் எங்க பாய்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கறுப்பிலிருந்து ஒரு கோடு ஈரமாகக் கீழே ஒழுகியிருந்தது. எங்கள் வேலையில் ஒழுகல் தெரிந்தால் ஃபோர்மேன் மானத்தை வாங்கிவிடுவார். துணியில் தின்னரைத் தொட்டு, அந்தக் கோட்டைச் சுத்தமாகத் துடைத்துவைத்தேன்.

"உன் விசா கலாஸ், முடிஞ்சுது!" என்று ஃபோர்மேன் கத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த அம்மா ஓடிவந்தார்.

"மேடம், லீக்கேஜ். ஐ கிளீன்," என்றேன்.

அவர் கறுப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்தார். பிறகு பிரஷை நீட்டி, துடைத்தவனே போடு என்பதுபோல் படத்தைக் காட்டினார்.

பிரஷைக் கறுப்பில் முக்கினேன். கை தானாக அதை டப்பா விளிம்பில் வழித்தது. படத்தில் வைத்தால் சொட்டக்கூட இல்லை. திரும்ப முக்கினேன், திரும்ப வழித்தது. நாலு வருஷமாக ஒழுகவிடாமல் பழகிய கை, வேலை போகிற நேரத்திலும் கேட்கவில்லை.

"வழிக்காதடா வெண்ண!" பக்கத்தில் ஏணியோடு நின்ற பாண்டி அண்ணன், என் ரூம்காரர், பிரஷைப் பிடுங்கினார். கறுப்பு சொட்டச் சொட்ட எடுத்து மேலே ஒரே அழுத்து. கோடு நின்று நின்று இறங்கியது. அந்த அம்மா படத்தைப் பார்க்காமல் அண்ணனையே பார்த்தார். பிறகு ஃபோர்மேனிடம் போதும் என்று கைகாட்டினார். என் வேலை தப்பியது.

முவைலாவில் இருக்கிற எங்கள் ரூமுக்கு வண்டியில் திரும்பும்போது, "எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?" என்று நோண்டினேன்.

"குவைத்துல. ஈராக் சண்டை முடிஞ்சு எண்ணெக் கெணறு எரிஞ்சுதுல்ல? நான் இருந்த மங்காஃப்ல மழை கறுப்பாப் பேஞ்சுச்சு. காயப்போட்ட சட்டையில இப்படித்தான் கோடு எறங்குச்சு."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நீங்க ஊர்ல கட்டுற புது வீட்டுச் செவுத்துலயும் ஒரு கோடு விடுங்கண்ணே, கல்ஃப் ஞாபகமா."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்கயாவது மழை தண்ணியாப் பெய்யட்டும்டா."