யேசுதாஸ் கேட்ட சரிவு

யேசுதாஸ் புதுமேடு அணியின் கோல்கீப்பர். திருவள்ளூர் ரயில் பாதையில் இருந்த சின்ன ஸ்டேஷனுக்கு வடக்கே ஊர், தெற்கே கால்பந்து மைதானம். நடுவில் தண்டவாளங்கள். சரக்கு வண்டி வந்து நின்றால் மணிக்கணக்கில் நகராது. ஆட்டக்காரர்கள், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், சுண்டல் விற்கிறவர்கள் எல்லாரும் வேகனுக்கு அடியில் புகுந்துதான் போவார்கள்.

1966 பொங்கல் போட்டியன்று யேசுதாசும் அப்படித்தான் புகுந்தார். பாதியில் வண்டி நகர்ந்துவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் இரண்டு மாதம் பாயைவிட்டு எழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி விக்டோரியா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"பக்கத்தூட்டு செல்வி இல்ல? வண்டிக்கு அடியில பூந்தப்போ பாவாட மாட்டிக்கிச்சு. நல்லவேளை, இழுத்துப் போட்டாங்க."

யேசுதாஸ் சுவரைப் பிடித்து எழுந்தார். "காயிதமும் பேனாவும் எடு."

தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்று ரயில்வேக்கு எழுதினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். சைக்கிள் ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டே ஏழு வருடம் எழுதினார். ஒரு போட்டி நாளில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, வேகனுக்கு அடியில் புகுந்தவர்களை எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு பேர். அந்தக் கணக்கை எழுதிய மனுவுக்குத்தான் ஆள் வந்தது.

இன்ஜினியர் ஆதிகேசவன் வரைபடத்தை விரித்தார். இரண்டு பக்கமும் படிக்கட்டு.

"படி வேணாம் சார். சரிவா போட்டுக் குடுங்க."

"சரிவுக்கு இடம் ஜாஸ்தி வேணும்பா. மைதானத்துல ஆறேழு கஜம் போயிடும். உங்க ஆளுங்க ஒத்துப்பாங்களா?"

அணியின் கேப்டன் திருமலை ஒத்துக்கொள்ளவில்லை. "கிரவுண்டு சின்னதா பூடும்ண்ணா. பெரிய டீமு எவனும் வரமாட்டான்."

"கோல் போஸ்ட்டைத் தள்ளி நட்டுக்கலாம் திருமலை. என் காலை எங்க நடறது?"

மறுநாள் காலையில் திருமலை கடப்பாரையோடு வந்து, தெற்கே வேலியை ஒட்டி கோல் போஸ்ட்டுக்குப் புதுக் குழி தோண்ட ஆரம்பித்தார். மற்ற ஆட்டக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

1975 மார்ச்சில் பாதை திறந்தது. சுண்டல்காரர்களும், இடுப்பில் குழந்தையோடு பெண்களும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆலைத் தொழிலாளர்களும் நிமிர்ந்த தலையோடு நடந்துபோனார்கள். யேசுதாஸ் ஊன்றுகோலை அழுத்தி ஊன்றிச் சரிவில் இறங்கினார். ஈரத்தில் ஒருதரம் வழுக்கியது. திருமலை கை நீட்டினார்.

"வுடு. நானே வர்றேன்."

மேலே ஏறி வெயிலுக்கு வந்தபோது சட்டை நனைந்திருந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் புல்லை மிதித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்குப் புதுமேடு மூன்று கோல் வாங்கித் தோற்றது. புது கோல்கீப்பரை யேசுதாஸ் வாய் ஓயாமல் திட்டித் தீர்த்தார்.